குறுக்கே நிறுத்திய கார்

கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்ட் கிளினிக்கில் காத்திருந்த தேவதாஸ் நாற்காலியோடு சரிந்து, கைகால் வெட்டி இழுக்கத் தொடங்கியபோது அவன் மனைவி கிருபாராணி அலறவில்லை. கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் திணித்து, விரல்களை மூடி அழுத்திப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து ஓடிவந்த ஜூடித் அதைப் பார்த்தாள். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்காது என்று அவளுக்குத் தெரியும். பதறின கை எது, பழகின கை எது என்பதும் தெரியும்.

"இது எத்தனையாவது தடவை?" என்றாள், அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தபடி.

"ஃபர்ஸ்ட் டைம்தான் அக்கா."

"பொய் சொல்லாத. சாவி எப்படி ரெடியா இருந்துச்சு?"

கிருபாராணி உடைந்துபோனாள். "நாலஞ்சு தடவை ஆயிடுச்சு. ஒரு தடவை ஃப்ரீவேல கார் ஓட்டிட்டு இருக்கும்போதே. பாப்பா பின்சீட்ல இருந்தா."

ஜூடித் அங்கே நர்ஸ் பிராக்டிஷனர். நோயாளியைப் பார்த்து எழுதுவதெல்லாம் அவள். டாக்டர் கையெழுத்துப் போடுவதோடு சரி. அடிக்கடி நினைவு தப்புகிறவரைப் பற்றி கவுன்ட்டி சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவித்தால் அவனுடைய டிரைவிங் லைசன்ஸ் போகும்.

தெளிந்து எழுந்த தேவதாஸ் முதலில் கெஞ்சினான். "சிஸ்டர், நாம ஒரே சர்ச். எனக்கு வலிப்புன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு என் பொண்ணை எவன் கட்டுவான்?"

பெண்ணுக்கு வயது ஏழு. அதற்குள் மாப்பிள்ளை வந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டும் போயாயிற்று!

"கட்டிக் கொடுக்க அவ உயிரோட இருக்கணும்" என்றாள் ஜூடித்.

அவ்வளவுதான். அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து, முகத்தை மருந்து அலமாரியில் மோதினான். பல் உடைந்து வாயெல்லாம் ரத்தம். கிருபாராணி காலைப் பிடித்துக்கொண்டு அழுததால் ஜூடித் போலீசுக்குச் சொல்லவில்லை. அந்த இரக்கம் சுத்த முட்டாள்தனம். ஆனால் கவுன்ட்டிக்குத் தகவல் அன்றைக்கே போய்விட்டது.

லைசன்ஸ் போனது. கார் போகவில்லை. அடுத்த மாதம் கிருபாராணி வலது கையில் மாவுக்கட்டோடு ஜூடித் வீட்டுக்கு வந்தாள்.

"இன்னும் ஓட்டுறார் அக்கா. மாத்திரையையும் நிறுத்திட்டார். சாப்பிட்டா வியாதி இருக்குன்னு ஆயிடுமாம். பாப்பாவ ஏத்தாதீங்கன்னு குறுக்க போனேன். கார் கதவுல என் கையை வெச்சு சாத்திட்டார்."

இந்த முறை ஜூடித் போலீசைக் கூப்பிட்டாள். மனைவியே சொல்லட்டும் என்றார்கள். மனைவி வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை, குழந்தை பள்ளிக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, அவர்கள் வீட்டு வாசலில் தேவதாஸின் கார் வெளியே வரமுடியாதபடி தன் காரைக் குறுக்கே நிறுத்தினாள் ஜூடித். கதவுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்தாள்.

"எடுடி வண்டிய!"

தேவதாஸ் தன் கார் டிக்கியிலிருந்து இரும்புக் கம்பியை எடுத்து வந்து அடித்தான். முன் கண்ணாடி நொறுங்கியது. பிறகு பக்கத்துக் கண்ணாடி. சில்லுகள் அவள் நெற்றியைக் கிழித்தன. அவள் ஒன்றும் வீராங்கனை இல்லை. ஆனால் வண்டியை நகர்த்தவில்லை. மறுபடி கம்பியை ஓங்கியவன் ஓங்கியபடியே விறைத்து, கண்ணாடிச் சில்லுகளின் மேல் விழுந்து துடித்தான்.

ஜூடித் விழுந்தடித்து இறங்கி அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். நிமிர்ந்தால் எதிரே கிருபாராணி. கம்பி அவளுடைய இடது கையில் இருந்தது.

"தள்ளுங்க அக்கா."

"வேணாம் கிருபா. கீழ போடு."

"எந்திரிச்சா மறுபடியும் ஓட்டுவான். என் பிள்ளையக் கொன்னுடுவான். தள்ளுங்க!"

சாகட்டுமே என்று ஜூடித்தின் மனசும் ஒரு கணம் சொல்லத்தான் செய்தது. ஆனாலும் அவன் தலையைத் தன் உடம்பால் மறைத்துக் குனிந்துகொண்டாள். அடி அவள் முதுகில் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. மூச்சே நின்றுவிட்டது. அப்புறம் கம்பி தரையில் விழுந்த சத்தமும், வாசற்படியில் நின்ற குழந்தையின் அழுகையும் கேட்டன.

பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிட்டுப் போலீஸ் வந்தது. கிருபாராணி மாவுக்கட்டுக் கையை நீட்டி, இதை உடைத்தது என் புருஷன்தான் என்று முதல்முறையாகச் சொன்னாள். ஜூடித்தின் சட்டை முதுகில் கிழிந்து ரத்தம் கசிவதைப் பார்த்த போலீஸ்காரர், இதைச் செய்தது யார் என்று கேட்டார்.

கிருபாராணியின் முகம் வெளுத்தது.

நடந்ததை நடந்தபடி எழுதுவதே ஜூடித்தின் தொழில். அதற்காகப் பல்லையே கொடுத்தவள் அவள்.

"அதுவும் அவன்தான்" என்றாள்.