குலுக்கலில் விழுந்த பெயர்

மாவு மில்லை அணைக்காமலேயே ஓடிவந்திருந்தாள் மில்லுக்காரி. முழங்கை வரை மாவு, இமைமுடியில்கூட மாவு. கட்டிலில் கிடந்த அண்ணி கண்ணைத் திறந்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னடி பாப்பா, மூட்டை அவுந்த மாதிரி வந்து நிக்கிற? மெஷினை நிறுத்துனியா?"

"இல்ல அண்ணி. அண்ணன் வரச் சொன்னார்னு அப்படியே வந்துட்டேன்."

"யாரையாவது அனுப்பு. தானியமில்லாம வெறுங்கல்லு ஓடக்கூடாது, தேஞ்சுபோகும்."

வாசலில் நின்ற தையல்காரி அதைக் கேட்டதும் செருப்புகூட மாட்டாமல் மில்லுக்கு ஓடினாள். அண்ணி பேசிய கடைசிப் பேச்சு அதுதான். வயிற்றுக்கட்டிக்கு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி வீட்டுக்கு அனுப்பிய பதினாறாம் நாள், காலை வெயில் ஜன்னலைத் தாண்டிக் கட்டில்கால் வரை வந்தபோது, மூச்சு மெல்ல மெல்ல இடைவெளி விட்டு, அப்புறம் வராமலே போயிற்று. அண்ணன் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருப்பவர்போல அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் கூப்பிடாமலேயே சேமிப்புக் குழுவின் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஆண்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். தண்ணீர் வந்தது, துணி வந்தது. குழுத் தலைவியான பால்காரம்மா அண்ணியின் காலைத் துடைத்தாள். மில்லிலிருந்து திரும்பியிருந்த தையல்காரி ரவிக்கையின் தையலைப் பிரித்து, வீங்கியிருந்த கைக்கு ஏற்ப அகலமாக்கினாள். மில்லுக்காரி தலை வாரினாள். அண்ணிக்கு இத்தனை முடி நரைத்திருந்தது அவளுக்கு இன்றுதான் தெரிந்தது.

அழுகை வரவில்லை, பேச்சுதான் வந்தது.

"மூணு வயசுப் பொண்ணை இடுப்புல வெச்சுக்கிட்டு இந்த வீட்டு வாசல்ல வந்து நின்னேன். அந்த ஆளு வேற ஒருத்தியோட போயிட்டான். அண்ணி ஏன் வந்தேன்னு கேக்கல, எப்பப் போவேன்னும் கேக்கல. அண்ணன் பணத்தை நீட்டினார், நான் தொடல. இன்னொரு கரண்டி சோறு போட்டாக்கூடத் தட்டை மறைச்சுக்குவேன். ஓசியில வாழக்கூடாதுன்னு ஒரு வீம்பு. நல்லவேளை, அந்த வருஷம் குலுக்கல்ல என் பேரு விழுந்துச்சு. மில்லு வெச்சேன், பொண்ணைப் படிக்கவெச்சேன். என் தலையெழுத்துல நல்லதா நடந்தது அது ஒண்ணுதான்."

இந்தக் கதையை அவள் நூறு தடவை சொல்லியிருப்பாள். பாங்க் முதல்முறை குழுவுக்குக் கொடுத்த கடன் ஒரே ஒருத்திக்குத்தான் போதும் என்றிருந்தது. கேட்டவர்களோ பலர். சீட்டு எழுதிக் குலுக்கிப்போடலாம் என்று முடிவாயிற்று. குழுவில் சேர்ந்து எட்டே மாதம் ஆகியிருந்த அவள் பெயர் விழுந்தது. எப்போது சொன்னாலும் குழுப் பெண்கள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார்கள். இன்று ஒருத்தியும் ஆட்டவில்லை. தையல்காரி நூலைப் பல்லால் கடித்தவள் அப்படியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"சும்மா இருடி," என்றாள் பால்காரம்மா.

"எப்படிக்கா சும்மா இருக்கிறது? யாருக்குச் சத்தியம் பண்ணினோமோ அவளே போயிட்டா. இனி யாருக்காக மறைக்கிறது?" தையல்காரி திரும்பினாள். "பன்னெண்டு சீட்டுலயும் உன் பேருதான் இருந்துச்சு மில்லுக்காரி. எந்தச் சீட்டை எடுத்திருந்தாலும் நீதான்."

சீப்பு பாதி முடியில் நின்றது.

"மில்லு வைக்கணும்னு ஆசைப்பட்டதே உன் அண்ணிதான்," என்றாள் பால்காரம்மா, காலைத் துடைப்பதை விடாமல். "டவுனுக்கு ரெண்டு நடை போயி மெஷின் பார்த்து, விலை பேசி, இடமெல்லாம் அளந்து வெச்சிருந்தா. நீ வந்தே. ஒருநாள் கூட்டத்துக்கு உனக்கு முன்னாடியே வந்து, 'எனக்கு வேண்டாம், அவளுக்குக் குடுங்க'ன்னா. நான் மாடு வாங்கக் கேட்டிருந்தேன், இவ கூரை மாத்தக் கேட்டிருந்தா. எங்ககிட்ட எல்லாம் கையைப் பிடிச்சுக் கேட்டா."

"என்கிட்ட ஏன் சொல்லல? இத்தனை வருஷம் என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டீங்களே!" குரல் உயர்ந்து உடைந்தது.

"இரக்கப்பட்டுக் குடுத்தா நீ வாங்கமாட்டே. அதிர்ஷ்டம்னா வாங்குவேன்னு அவளுக்குத் தெரியும்." பால்காரம்மா துணியைப் பிழிந்தாள். "சீட்டுதான்டி பொய். ராத்திரி பகலா அரைச்சது நீ. ஒரு தவணை தவறாமக் கட்டினது நீ. அதுல யாரு பொய் சொல்லமுடியும்? நீ ஒழுங்காக் கட்டினதாலதான் அடுத்து எங்களுக்கெல்லாம் பாங்க்ல கதவு தெறந்துச்சு."

தையல்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "பதினோரு பொம்பளைங்க, பத்தொன்பது வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கோம். வெளியில சொன்னா ஒருத்தராவது நம்புவாங்களா?"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அடக்க அடக்க, ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குத் தொற்றிக்கொண்டது. மில்லுக்காரியும் சிரித்தாள், சிரிப்பு போன வழியிலேயே அழுகையும் வந்துவிட்டது. அண்ணியின் தலைமாட்டில் குனிந்து, மாவு இன்னும் போகாத கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த அண்ணன் நிலையைப் பிடித்தபடி நின்றார்.

"அண்ணே, உங்களுக்கும் தெரியுமா?"

அண்ணன் தலையை ஆட்டினார்.

"எழுதினதே நான்தானே. அவளுக்கு எங்க எழுத வரும்? நாலு சீட்டு எழுதினதும், மத்ததையெல்லாம் வெத்துத் தாளா மடிச்சுப் போட்டுரலாம்னேன். விடல. 'அவ சந்தேகப்பட்டுப் பிரிச்சுப் பார்த்தா என்ன பண்ணுவீங்க'ன்னா."

"பிரிச்சுப் பார்த்திருந்தா எல்லாத்துலயும் என் பேரு இருந்திருக்குமே அண்ணே!"

அண்ணன் யோசித்தார். பத்தொன்பது வருஷத்தில் இது அவருக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. "ஆமா இல்ல?" என்றார். மனைவியைப் பார்த்தார். "இதை அவகிட்டச் சொல்லியிருக்கணும். சிரிச்சிருப்பா."

மத்தியானத்துக்குமேல் டவுனிலிருந்து மில்லுக்காரியின் மகள் வந்து சேர்ந்தாள். நான்கு மணிக்கு அடக்கம் முடிந்தது. வீட்டிலேயே இருந்த குழுப் பெண்கள் வீட்டைக் கழுவி, பாயைச் சுருட்டி, அண்ணனை வற்புறுத்தி இரண்டு வாய் சாப்பிடவைத்தார்கள். பொழுது சாய்ந்ததும் கிளம்பத் தயாரானார்கள்.

மில்லுக்காரிக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. எழுந்தாள், ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வெளியே போனாள்.

வாசல்படிக்குக் கீழே செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. நாள் முழுக்க வந்துபோனவர்களின் கால்பட்டு ஜோடி பிரிந்து, கவிழ்ந்து, சில தெருவரைக்கும் போயிருந்தன. அவள் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். வார் அறுந்து கம்பி போட்டுக் கட்டியது பால்காரம்மாவுடையது. ஒருபக்கம் மட்டும் குதிகால் தேய்ந்தது, மெஷின் மிதிக்கும் தையல்காரியுடையது. முந்தானையால் மண்ணைத் தட்டிவிட்டு, வெளியே வருகிறவர்கள் அப்படியே காலை நுழைத்துக்கொள்ளத் தோதாக, முனை தெருவைப் பார்க்கும்படி ஜோடி ஜோடியாக வைத்தாள்.

பெண்கள் வெளியே வந்தார்கள். படியில் ஒரு நிமிஷம் நின்றார்கள். பிறகு அவரவர் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகத் தெருவில் இறங்கினார்கள்.