ஒப்படைக்காத ஒன்று

கீழ்வானம் செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்த துகிலெனச் சிவக்க, திருப்பெரும்புதூரைச் சூழ்ந்த ஏரிகளின்மேல் எஞ்சிய பனித்திரை இழை பிரிந்து கலைய, ஒரகடத்து ஆலைகளில் இரவெல்லாம் ஊர்திகளுக்கு உறுப்புப் பூட்டிய ஆடவரும் மகளிரும் பேருந்துக் கண்ணாடியில் கன்னம் சாய்த்து உறங்கியவாறே மீள, அவர்கள் எழுந்த இருக்கையின் வெம்மை ஆறுமுன் பகற்பணிக்குரியோர் அதே இருக்கையில் அமர்ந்து செல்லும் காலைப்பொழுதில், சுங்குவார்சத்திரத்துப் பெருவழியினின்று சற்றே உள்ளொடுங்கி நிற்கும் அரசுப் பள்ளியொன்றை, நயமறிந்த நண்பரே, நீர் சற்று நின்று காண்பீராக.

அப்பள்ளியின் பதினோராம் வகுப்பில் இம்மண்ணில் பிறந்தோரும், ஆலைப்பணி நாடித் தென்கோடியினின்று வந்தோரின் மக்களுமாக இருசாரார் கலந்திருந்தனர். முன்பெல்லாம் ஒருவர் பேச்சை ஒருவர் எள்ளுவதும், எள்ளியோரை மற்றவர் இடிப்பதுமே அவர்களுடைய அன்றாடப் பாடமாயிருந்தது. ஆசிரியை இராசம்மாள் பிரம்பெடுக்கவில்லை. “இந்த வகுப்பு எப்படி நடக்கணும்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க” என்று கூறி அமர்ந்துவிட்டார். கூச்சலிட்டும் ஊடியும் அவர்கள் கண்ட முடிவு, தத்தம் இல்லத்திலேயே விளைந்ததொன்று. ஆலையில் பணிமுடிந்தவர், எந்தப் பொறி கொதிக்கிறது, எந்தத் திருகு தளர்ந்துள்ளது என அடுத்து வருபவரிடம் உரைத்த பின்னரே வெளியேறுவாரன்றோ? அவ்வாறே வகுப்புத் தலைமையும் மாதந்தோறும் கைமாறும். விலகுபவர், எவர்க்கு என்ன இடர், எவரிடம் எதனைக் கேட்கலாகாது என்பதையெல்லாம் ஏற்பவரிடம் ஒளிவின்றி ஒப்படைத்தல் வேண்டும். நம்புவீரோ! எள்ளல் குறைந்தது, இருசாராரும் ஒரே பலகையில் அமரலாயினர்.

முதல் தலைமை கவியாவினுடையது. வகுப்பு தன்னைச் சுற்றியே தழைத்ததென அவள் உள்ளூர மகிழ்ந்திருந்த நாளில், நாங்குநேரிப் பக்கத்தினின்று வந்து சேர்ந்தாள் வேல்விழி. அவள் வாய் திறந்தால் நகைப்பு. அவள் அமர்ந்த இடமே அவை. கவியாவின் அணுக்கத் தோழியரும் அங்கே நகர்ந்தனர். அடுத்த தலைமைக்கு எல்லோரும் ஒருமுகமாக வேல்விழியின் பெயரையே கூவியபோது, வெளியே வெண்சுவரும் உள்ளே உருகிய இரும்பும் கொண்ட வார்ப்பாலையைப் போல், கவியா முறுவலோடு கைதட்டினாள்.

அவளிடம் ஒரு மறைச்செய்தி இருந்தது. உடன்பயிலும் பகலவனின் தாய் இரவுப்பணிக்குச் செல்பவள், தந்தை இல்லை. மூச்சிளைப்பு நோயுற்ற குழந்தைத் தங்கையை மடியில் கிடத்தி இரவெல்லாம் விழித்திருப்பவன் அவன். ஆதலின் முதற்பாடவேளையில் அவன் கண்கள் தாமே மூடும். அதனை அவன் கவியாவிடம் மட்டுமே கூறியிருந்தான். அவளும் அவனைத் தூணின் மறைவில் அமர்த்தி, பாடக்குறிப்பைத் தானே எழுதித் தந்து காத்துவந்தாள். “அடுத்து வர்ற லீடர்கிட்ட மட்டும் சொல்லிடு. வேற யாருக்கும் தெரிய வாணாம்” என்று அவன் சொல்லியும் இருந்தான்.

ஒப்படைக்கும் நாளில், தென்கோடியினின்று வந்த இசக்கிக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரிவதையும் சாளரத் தாழ் பழுதாயிருப்பதையும் கவியா ஒன்றுவிடாமல் உரைத்தாள்.

“வேற ஏதும் உண்டாட்டி?” என வினவினாள் வேல்விழி.

பிறர் அன்பெல்லாம் இவளிடம் சென்றதே, இந்தப் பரிவும் இவளிடம் சென்றால் எனக்கென எஞ்சுவது யாது என ஓர் எண்ணம் அரவம்போல் தலைதூக்கியது.

“அவ்ளோதாம்ப்பா. வேற ஒண்ணும் இல்ல.”

திங்கட்கிழமை முதற்பாடவேளையில் ஆசிரியர் வருமுன் வருகை கணக்கிட வந்த வேல்விழி, பலகையில் தலைசாய்த்து உறங்கும் பகலவனைக் கண்டாள். தீங்கறியாத விளையாட்டுக் குரலில், “எலேய் பகலவா! சூரியனே இப்படிக் குறட்டை விட்டா ஊருக்கு எப்பம்ல விடியும்?” என்றாள். வகுப்பறை நகையால் அதிர்ந்தது. அந்நகையில் தன் குரலும் கலந்திருந்ததைக் கவியா தன் செவியாலேயே கேட்டாள்.

பகலவன் எழுந்தான். சிவந்த விழிகளால் வேல்விழியை நோக்கினான். “எல்லாம் தெரிஞ்சிகினேதான கலாய்க்கிற?” என்று மட்டும் கூறிப் பையைத் தோளிலிட்டு வெளியேறினான்.

மறுநாளும் அவன் வரவில்லை. அவன் தெருவில் வாழும் வகுப்புத்தோழன் முனிரத்தினம் கொணர்ந்த செய்தி கொடிது. “அவன் இனிமே ஸ்கூலுக்கே வரமாட்டானாம். பேக்கிங் கம்பெனில ஆள் எடுக்கறாங்களாம், அத்த விசாரிச்சிகினு கீறான்.” பின்னர் வேல்விழியின் பக்கம் திரும்பி, “ஊரு வுட்டு ஊரு வந்து எங்க பையனையே தொரத்திட்ட இல்ல?” என்றான்.

“எங்க பையனா? அப்பம் நாங்க யாருல?” என்று துள்ளி எழுந்தான் இசக்கி.

அவ்வளவே! கூடியிருந்த பலகைகள் மீண்டும் இருபுறமாயின. கவியாவைச் சூழ்ந்து பழைய தோழியர் வந்தமர்ந்தனர். அவள் ஏங்கியது அனைத்தும் அவள் மடியிலேயே வந்து விழுந்தது. ஆயினும் அன்று பிசைந்த சோற்றை அவள் உண்ணாமலே மூடிவைத்தாள்.

கிழமை நிறைவதற்குள் வேல்விழி தலைமையைத் துறந்து, அவை நடுவே கவியாவிடம் ஒப்படைக்க எழுந்தாள். தன்னைப் பழித்தோரின் இடர்களையும் விடாமல் சொல்லிமுடித்து, இறுதியில் கவியாவின் கையைப் பற்றினாள். “எங்கேயோ எனக்குத் தெரியாம ஒரு தப்பு நடந்திருக்குட்டி. அது என்னன்னு தெரிஞ்சா உங்கிட்டச் சொல்லியிருப்பேன்லா. நீ எப்படியாச்சும் அவனைக் கூட்டிட்டு வந்துரு.”

பழிச்சொல் எதிர்பார்த்து இறுகியிருந்த கவியாவின் நெஞ்சு, அந்நம்பிக்கையின் முன் உடைந்தது.

“அவ மேல தப்பு இல்ல” என்றாள் கவியா, பலகையைப் பற்றிக்கொண்டு. “அவகிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லி பகலவன் என்கிட்ட சொல்லியிருந்தான். நான் சொல்லல. மறந்துபோய் இல்ல. வேணும்னேதான்.”

“இன்னாத்த சொல்லல?” என்று பாய்ந்தான் முனிரத்தினம்.

“அது அவன் வூட்டு விஷயம். நான் சொல்லமாட்டேன்.”

வேல்விழி அவளருகே நெருங்கி வந்தாள். “ஏன்ட்டி இப்படிச் செஞ்ச?”

“எல்லாரும் உன்கிட்ட வந்துட்டாங்க. அது ஒண்ணாவது என்கிட்டயே இருக்கட்டும்னு…”

அன்று மாலையே கவியா பகலவன் வீட்டு வாயிலில் நின்று அனைத்தையும் உரைத்தாள். தங்கையைத் தோளில் சாய்த்திருந்த அவன் சினக்கவில்லை. அதுவே அவளை மேலும் சுட்டது. “உன்ன நம்பித்தான சொன்னேன்” என்றான். “நாளிக்கி வர்றேன். உனக்காவ இல்ல. அந்தப் பொண்ண சும்மா திட்டிட்டேன், அதுக்கு.”

சொன்னவாறே வந்தான். சாளரத்தருகே வேல்விழியை அழைத்துத் தன் இல்லத்து நிலையைத் தன் வாயாலேயே கூறினான். அவள் கண் துடைப்பதையும், பின்பு ஏதோ சொல்லி அவனை நகைக்கவைப்பதையும் கவியா தொலைவிலிருந்தே கண்டாள். நண்பரே, அவள் அழுக்காறு அவிந்துவிட்டதென நான் பொய்யுரையேன். அந்நகை கேட்டபோதும் அவள் நெஞ்சின் ஓரம் எரிந்தது. ஆயினும் அவள் எழுந்து குறுக்கே செல்லவில்லை; அவர்களுக்குரிய சொற்களை அவர்களிடமே விட்டுவைத்தாள்.

நண்பகல் உணவுவேளையில் பலகைகள் பாதியளவே நெருங்கின. கவியாவின் அருகில் எவரும் வரவில்லை. நெடும்பொழுது கழித்து வேல்விழி தன் உணவுப்பேழையோடு வந்து, ஓர் ஆள் இடம் விட்டு, அதே பலகையில் அமர்ந்தாள். அவ்விடைவெளி ஒரு சொல்லால் தூரும் பள்ளமன்று. நெஞ்சில் எரியும் தீயோடே பிறர்க்குரியதைப் பிறர்க்கு விட்டுக்கொடுக்கும் நாள்கள் பல சேர்ந்தே அது நிரம்பும் என்பதைக் கவியா உணர்ந்தாள். உணர்ந்து, தலைகுனிந்து, முதற்கவளத்தை மெல்ல விழுங்கினாள்.