பி பிளாக்குக்குப் பின்னால் இருந்த காந்தள்

1

இந்தக் கதை எங்கள் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் நான் போட்ட ஒரு காலை வணக்கப் படத்திலிருந்து பிறந்தது. பெருமையாகச் சொல்லவில்லை. அதைப் போடாமல் இருந்திருந்தால் இதை எழுதவும் வேண்டியிருக்காது, யாருக்கும் நஷ்டமில்லை.

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

'முகப்பேரில் வெயில் விழாத இடம் ஒன்று இருந்தது.' (மனை விற்கிறவன் எழுதியது போலிருக்கிறது.)

'அஞ்சலைக்கு மனிதர்களைவிடச் செடிகளைத்தான் பிடிக்கும்.' (பொய். அவருக்கு மனிதர்களையும் பிடித்திருந்தது. என்னையும்.)

'அந்தப் பாம்பு யாரையும்' (இதை முடிக்கக் கை வரவில்லை.)

2

சரி, நடந்ததைச் சொல்கிறேன். அஞ்சலையக்கா ஆவடியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் பி பிளாக்கில் தரைத்தளம். அவர் வீட்டுப் பின்வாசலுக்கும் மதிலுக்கும் நடுவில், இரண்டு புங்கமரங்களுக்கு அடியில், பத்தடி அகலத்தில் யாரும் எட்டிப் பார்க்காத நிலம் கிடந்தது. செம்பரம்பாக்கம் பக்கம் மனை போடுவதற்காகப் புதர்க்காட்டை அழித்தபோது, நிழலில் வளரும் செடிகளாகப் பார்த்து வேரோடு பையில் போட்டு, பஸ்ஸில் கொண்டுவந்து நட்டார். தரையோடு மஞ்சளாகப் பூக்கும் நிலப்பனை, காட்டுக் கனகாம்பரம், மரத்தைப் பற்றி ஏறும் காந்தள். ஏழு வருடம் வளர்த்தார். பிறகு செண்பகப் பறவை வந்தது, கீரி வந்தது, ஒரு சாரைப்பாம்பும் வந்தது.

(ஏழு வருடத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டேன். நல்ல எழுத்தாளன் அங்கே நின்றிருப்பான். எனக்கு அங்கே நிற்க வெட்கமாக இருக்கிறது.)

3

போன ஐப்பசியில் காந்தள் பூத்தது. எங்கிருந்தோ எடுத்த ரோஜாப்பூவையே தினமும் அனுப்பும் குழுவில் நிஜப் பூவை அனுப்புவோமே என்று படமெடுத்துப் போட்டேன். 'நம் வீட்டுக் காடு' என்று தலைப்பு வேறு. கைதட்டல் பொம்மைகள் வரிசையாக வந்தன. சங்கத் தலைவர் பரந்தாமன் மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இலைகளுக்கு அடியில் நான் கவனிக்காத சாரையின் வால் இருந்தது.

அன்று மாலையே கூட்டம். பரந்தாமனைக் கெட்டவராக எழுத நிறைய முயன்றேன், முடியவில்லை. அவருடைய பேத்திக்கு இரண்டு வயது.

"கடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியும். குழந்தைக்குத் தெரியுமா? அந்தப் பூவோட கிழங்கு வேற விஷமாம்" என்றார்.

"சாரை தான் சார். அது பாட்டுக்கு எலியத் துன்னுகினு கீது. பயமா இருந்தா வேலி போட்டுக்கலாம், நானே போட்றேன்" என்ற அஞ்சலையக்கா என் பக்கம் திரும்பினார். "இன்னா நைனா, நீ சொல்லேன். நீதான டெய்லி வந்து பாத்துகினு போவ."

நான் சங்கத்தின் செயலாளர். கைப்பேசியைக் குனிந்து பார்த்தேன்.

4

(அடிக்குறிப்பாகப் போட நினைத்தது.) அறிவிப்பை எழுதியவன் நான். 'குடியிருப்போரின் பாதுகாப்பு கருதி, பி பிளாக்கின் பின்புறமுள்ள விஷச் செடிகள் வரும் ஞாயிறு அன்று அகற்றப்படும்.' ஒரு சொல்லைக்கூட அடித்துத் திருத்தவில்லை. இந்தக் கதையையோ நான்கு மாதமாக அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன். என் எழுத்தில் பலித்தது அந்த அறிவிப்பு ஒன்றுதான்.

ஞாயிறு அன்று இயந்திரம் வந்தது. சாரையைக் கம்பியால் அடித்தார்கள். செண்பகம் இரண்டு நாள் வந்து, புதிதாகப் பதித்த சிமென்ட் கற்களின்மேல் நடந்து பார்த்தது, பிறகு வரவில்லை. இப்போது அங்கே பைக் நிறுத்துகிறோம். என்னுடையதும் நிற்கிறது.

5

முடிவு, முதல் வடிவம்: மழை பெய்கிறது. கற்களின் இடுக்கில், மண்ணுக்குள் தப்பிய கிழங்கிலிருந்து ஒரு காந்தள் முளை

இதை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. தாள்களை எடுத்துக்கொண்டு தரைத்தளத்துக்கு இறங்கினேன். அஞ்சலையக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிவரை படித்தார்.

"உள்ள கெழங்கே இல்ல நைனா. மெஷின் வர்றதுக்கு மொத நாளே நான் தோண்டி எட்துட்டேன்."

"எங்கக்கா வச்சிருக்கீங்க?" நல்ல முடிவு கிடைத்துவிட்ட சந்தோஷம் என் குரலில் இருந்திருக்க வேண்டும்.

"மூணு ஊட்டாண்ட போயி, தொட்டில வெச்சிக்கிறீங்களான்னு கேட்டேன். வெசம்னு நோட்டீஸ்ல போட்டுகீதேன்னாங்க. அப்பறம் இன்னா பண்றது, குப்ப வண்டில போட்டேன்." தாள்களை மடித்து என் கையில் கொடுத்தார். "கதைல மொளைக்க வெச்சிட்டு நீ நிம்மதியா இருக்கலாம்னு பாக்குற. அதுக்கு வேற ஆளப் பாரு."

6

இரண்டாவது வடிவத்தில் அவர் என்னை மன்னிக்கிறார். அதைக் கிழித்துப் போட்டேன்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. நீங்கள் எழுதிக்கொள்ளலாம். பரந்தாமனைத் திட்டலாம், என்னைத் திட்டலாம், எதையும் முளைக்க மட்டும் வைக்காதீர்கள். எழுதி முடித்ததும் பி பிளாக் தரைத்தளத்தில் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். நான் போய்த் தட்டினால் அவர் கதவைத் திறப்பதில்லை.