தலையணைக்குப் போட்ட ஊசி

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், இன்றுமுதல் இந்த வீட்டுக்குள் ஒரு துளி சர்க்கரைகூட நுழையக் கூடாது!

குடியிருப்புச் சங்கத் தலைவர் தம் சமையலறையில் நின்று, மைக் இல்லாத குறையைத் தொண்டையால் ஈடுகட்டி இப்படிப் பிரகடனம் செய்தார். கூட்டத்துக்கு வந்திருந்தவர் அவருடைய மனைவி ஒருவர்தான். அவரும் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் இன்சுலின் எழுதிக் கொடுத்ததில் தலைவருக்குத் துளியும் சம்மதமில்லை. ஆரம்பித்தால் விடாது, பழகிவிடும், கடைசிக் கட்டத்தில்தான் கொடுப்பார்கள் என்று லிஃப்ட் வாசலில் அவரே எத்தனை பேருக்கு உரையாற்றியிருக்கிறார்! ஆகவே தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு தலையணைக்கு ஊசி போட்டார். தலையணை முகம் சுளிக்கவில்லை. சர்க்கரை இறங்காததைப் பார்த்த டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். பத்தில் தொடங்கியது நாற்பதுக்கு வந்து நின்றது.

ஒருநாள் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. மனைவி உள்ளே வந்துவிட்டார்.

"ஊசியைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கீங்களே, குடுங்க, நான் போடறேன்."

"வேணாம்மா, நானே..."

"முந்நூறு பேரை மேய்க்கிறவரு, ஒரு ஊசிக்கு இப்படியா?"

மானமா உயிரா என்று அவர் முடிவெடுப்பதற்குள் நாற்பதும் வயிற்றுக்குள் இறங்கிவிட்டது.

காலை உணவை இரண்டு வாயோடு ஒதுக்கிவைத்தார். கொஞ்ச நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. சுவர்க் கடிகாரம் இரண்டாகத் தெரிந்தது. தட்டுத்தடுமாறிச் சமையலறைக்குப் போய் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தார். வெள்ளையாக இருந்ததை அள்ளி வாயில் போட்டார். உப்பு.

"என்னங்க தேடறீங்க?"

"சக்கரை... சக்கரை குடு."

"உங்களுக்கா? விஷம்னு சொன்னது யாரு? போய் ஃபேனுக்குக் கீழ உக்காருங்க."

நாக்கு புரளவில்லை. கண்ணோரத்தில் இருட்டிக்கொண்டு வந்தது. சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவார்.

"தலையணை," என்றார்.

"என்னது?"

"ஊசியெல்லாம் தலையணைக்குத்தான் போட்டேன். எனக்கு இன்னிக்குத்தான்... முதல் தடவை. செத்துருவேம்மா!"

மனைவியின் முகம் வெளுத்தது. துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு டப்பாவை இழுத்தார். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினார்.

"முறைக்காதீங்க. என் காபிக்கு வச்சது. குடிங்க!"

டாக்டர் போனில் கத்தியது அறை முழுக்கக் கேட்டது: உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். டாக்ஸியில் தலைவர் மனைவியின் கையை விடவே இல்லை.

"சங்கத்துல யார்கிட்டயும் சொல்லிடாதே."

"முதல்ல கண்ணைத் திறந்து வச்சிக்குங்க."

அந்த வீட்டில் அன்றுவரை ஒருநாள்கூடத் தவறாமல் இன்சுலின் போட்டுக்கொண்டது தலையணைதான். அதற்குச் சர்க்கரை வியாதி இல்லை.