விதவைக் குழியின் மணி

கடலோரக் கோல்ஃப் மைதானங்களில் நனைவதுதான் ஸ்ட்ரூவன் கெடஸின் தொழில். நனைந்ததை எடின்பரோவிலிருந்து வரும் ஒரு மாத இதழில் மதிப்புரையாக எழுதுவான். காற்று தொப்பியைக் கொண்டுபோனால் அது ‘உயிர்ப்புள்ள மைதானம்’. ஆளையே தள்ளிக்கொண்டு போனால் ‘நேர்மையான மைதானம்’. கிளப்பில் கொடுத்த சூப் ஆறிப்போயிருந்தால் ‘மரபு மாறாத மைதானம்’. இதை நம்பி ஜனங்கள் கப்பல் ஏறி வந்தார்கள்.

இன்வர்ஸ்கேல் மைதானத்தின் ஆறாவது குழிக்கு விதவை என்று பெயர். பந்தை அடிக்கும் இடத்துக்கும் குழி இருக்கும் கிரீன் என்ற புல்தரைக்கும் நடுவே இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு மணல்மேடு. அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று இந்தப் பக்கம் தெரியாது. அதனால் கிரீன் ஓரத்தில் கம்பம் நட்டு ஒரு கப்பல் மணியைக் கட்டியிருந்தார்கள். ஆடி முடித்தவர்கள் போகும்போது கயிற்றை இழுப்பார்கள். மணி கேட்கும்வரை பின்னால் வருகிறவர்கள் மட்டையைத் தூக்க மாட்டார்கள், மழையில் கரைந்தாலும் சரி. ஸ்ட்ரூவன் ஒருமுறை இதைப் பார்த்து உருகிப்போய், ‘ஒரு மணியை நம்பத் தெரியாதவன் கோல்ஃப் ஆட வேண்டாம்’ என்று எழுதினான். அந்த வாக்கியத்தை மரத்தில் செதுக்கி கிளப் வாசலில் மாட்டிவிட்டார்கள். அவன் மறுபடி மதிப்புரைக்குப் போனபோது அதன்மேல் ஒரு கடற்காகம் எச்சமிட்டிருந்தது.

கிளப்பின் கேப்டன் டார்க்வில் பெயர்டு, ஓய்வுபெற்ற பல் டாக்டர். வாய் நிறையச் சிரித்தபடி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாங்க கெடஸ், வாங்க! உங்க புண்ணியத்துல பஸ் பஸ்ஸா வர்றாங்க. எல்லாருக்கும் அந்த மணியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு போட்டோ எடுக்கணும்.”

“போட்டோவுக்கு மணி அடிக்கிறாங்களா?”

“அடிக்காம? சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னா போட்டோ நல்லாவா இருக்கும்? போன ஆகஸ்ட்ல ஒரு சின்ன சங்கடம். நம்ம புல் வெட்டுற பொண்ணுக்குக் கண்ணுல பந்து. மத்தபடி நல்ல சீசன். மழையே இல்லை.”

“கண்ணு?”

“ஒண்ணுதான். பூங்கொத்து அனுப்பினோம்.”

விதவைக்கு வந்ததும் கேப்டன் அடித்த பந்து முட்புதருக்குள் போனது. தேடுகிறேன் என்று அவரும் உள்ளே போய்விட்டார். ஸ்ட்ரூவன் மேட்டைச் சுற்றிக்கொண்டு கிரீனுக்கு வந்தான். மணற்குழியைச் சீவிக்கொண்டிருந்த பெண் வாரியை ஊன்றி நிமிர்ந்தாள். இடது கண்மேல் கறுப்புப் பட்டை. கேப்டன் சொன்ன புல் வெட்டுகிற பெண் இவள்தான், பெயர் கிரீர் மோவட்.

“நீங்கதானே அந்த மணிக் கவிஞர்?”

அவனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“பட்டையைப் பாருங்க, பரவாயில்லை. எல்லாரும் அதைத்தான் பார்க்கிறாங்க. எனக்கு ஒரு உதவி வேணும். இந்தக் குழியைத் திட்டி எழுதுங்க.”

“திட்டியா?”

“குப்பைன்னு எழுதுங்க. மூடச் சொல்லுங்க. நான் கமிட்டிகிட்ட சொல்லிப் பார்த்தேன். கண் டாக்டர் சொன்னார், போலீஸ்கூட வந்து சொல்லிட்டுப் போச்சு. உங்க பத்திரிகை என்ன சொல்லுதுன்னு கேக்குறாங்க. எனக்கு இன்னும் ஒரு கண்ணுதான் இருக்கு. அதையும் இதே இடத்துலதான் தினமும் கொண்டுவந்து நிறுத்துறேன்.”

“வேற வேலை...”

“இன்வர்ஸ்கேல்லயா? மீன் இருந்தா மீன் பிடிக்கலாம்.”

ஸ்ட்ரூவன் வாக்குக் கொடுத்தான். எழுதவும் செய்தான். வாழ்க்கையில் முதல்முறையாகப் பெயரடையே இல்லாமல் எழுதினான். இந்தக் குழியில் ஒரு பெண்ணின் கண் போனது. அவள் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். இதை மூட வேண்டும். ஆசிரியர் படித்துவிட்டு, பல வருஷத்தில் நீ எழுதியதில் இதுதான் உருப்படி என்றார். ‘ஸ்காட்லாந்தின் மிக ஆபத்தான குழி’ என்று தலைப்பும் அவரே போட்டார், மணியின் படத்தோடு.

அடுத்த கோடையில் இன்வர்ஸ்கேலிலிருந்து அழைப்பு வந்தது. கிளப் வாசலில் பழைய பலகைக்குப் பக்கத்தில் புதுப் பலகை. அந்தத் தலைப்பு, அவன் பெயரோடு. பஸ்கள் இரண்டு மடங்காகியிருந்தன. கேப்டன் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“என்னா எழுத்து, என்னா எழுத்து! ஆபத்துன்னு சொன்னா கிழவனுங்ககூட ஓடி வர்றானுங்க. பாதுகாப்புக்கும் ஏற்பாடு செஞ்சாச்சு. இனிமே மணியை கிரீர் மட்டும்தான் அடிக்கலாம். ஹெல்மெட்டும் வாங்கிக் கொடுத்துட்டோம்.”

அன்று கடல்பனி இறங்கியிருந்தது. கிரீனில் நின்றால் மணல்மேடே தெரியவில்லை. சிவப்பு ஹெல்மெட்டோடு கிரீர் மணிக்கருகே நின்றாள். ஒரு குடும்பம் ஆடி முடித்து, அவளைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது.

“அந்தப் பட்டையைக் கொஞ்சம் தூக்குங்களேன், ஒரே ஒரு படம்,” என்றார் அந்த வீட்டுத் தலைவர். மரியாதையாகத்தான் கேட்டார்.

கிரீர் தூக்கினாள். எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிப் போனார்கள்.

“நான் எழுதினது...” என்று ஸ்ட்ரூவன் ஆரம்பித்தான்.

“படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. அதுதான் வினை.”

அவள் கயிற்றை இழுக்கவில்லை. கிரீனின் நடுவே போய், குழிக்குப் பக்கத்தில் ஈரப் புல்லில் உட்கார்ந்துகொண்டாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் அடுத்த கோஷ்டி காத்திருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. மணி கேட்காதவரை அவர்கள் நிற்பார்கள். இருமல் சத்தம் மட்டும் பனிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

கடைசியில் கேப்டன் மூச்சு வாங்க வந்தார்.

“என்னம்மா இது? அங்க ஊர்வலம் மாதிரி நிக்குறாங்க. மணியை அடி!”

“கிரீன்ல ஆள் இருந்தா அடிக்கக் கூடாது டாக்டர். விதி.”

“எந்த ஆளு?”

“நான்தான்.”

“கெடஸ், சொல்லுங்க இவகிட்ட!”

ஸ்ட்ரூவன் அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கால்சட்டை நனைந்தது. அது அவனுக்குப் பழக்கம்தான்.

கேப்டனின் முகம் சிவந்தது. “நானா நீயா பார்த்துடுறேன். இப்ப எழுந்து ஓடுவே பாரு!” என்று கயிற்றைப் பிடித்து ஓங்கி இழுத்தார். மணி கணீரென்றது.

இழுத்த பிறகுதான் அவருக்குத் தானும் அங்கேதான் நிற்கிறோம் என்று உறைத்தது. திரும்பி, “அடிக்காதீங்க!” என்று கத்த வாயைத் திறந்தார். மேட்டுக்கு அந்தப் பக்கம் ‘டக்’ என்று ஒரு சத்தம். நல்ல மனிதர்கள். மணியை நம்பத் தெரிந்தவர்கள். பனிக்குள்ளிருந்து வெளியே வந்த பந்தை மூவருமே பார்க்கவில்லை. அது போய்ச் சேர்ந்த இடத்தை இருவர் பார்த்தார்கள்.

கேப்டனின் தாடை உடைந்திருந்தது. முன்பற்கள் புல்லில் கிடந்தன. ஆம்புலன்ஸ் வரும்வரை கிரீர்தான் அவர் தலையை மடியில் ஏந்தி, ரத்தம் தொண்டைக்குள் போகாமல் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே கமிட்டி கூடி விதவைக் குழியை நிரந்தரமாக மூடியது. விவாதமே நடக்கவில்லையாம். ஒரு உறுப்பினர், இதை முன்பே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று வருத்தப்பட்டாராம்.

மறுநாள் காலை ஸ்ட்ரூவன் ஊருக்குக் கிளம்பும் முன் அங்கே போனான். பனி விலகி, கடல் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. கிரீர் குழியில் மண்ணைப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தாள்.

“சந்தோஷமா?” என்று கேட்டுவிட்டான்.

“என் கண்ணை விட அவர் பல்லுக்கு மதிப்பு அதிகம்னு தெரிஞ்சுக்கிட்டேன்,” என்றாள். “கொஞ்சம் பிடிங்க, இந்த மணியைக் கழட்டணும்.”

அவன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். அவள் திருகாணியைத் தளர்த்தினாள். கடைசித் திருகாணி கழன்றதும் மணி நழுவி, நாக்கு ஒருமுறை இடித்துக் கணீரென்றது.

ஸ்பானரை எறிந்துவிட்டு அவள் அப்படியே குந்தினாள். இரண்டு உள்ளங்கைகளாலும் வலது கண்ணை மூடிக்கொண்டாள்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் யாருமே இல்லை. ஸ்ட்ரூவன் அதைச் சொன்னான். இரண்டு முறை சொன்னான். சத்தம் முழுக்க அடங்கின பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.