துடுப்பைக் கிழித்தது எது?

பாக்கியலட்சுமி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கோய் என்கிற வளர்ப்பு மீனின் துடுப்பு மறுபடியும் கிழிந்திருந்தது.

தனி டப்பில் கல்லுப்பு கரைத்து விட்டுவைத்தால் நன்றாகத்தான் ஆறுகிறது. ஹாலில் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்குத் திருப்பினால் மறுநாளே கிழிசல், ரத்தக் கோடு.

அண்ணன் சுப்ராயன் சென்னை கொளத்தூர் மீன் சந்தையில் வாங்கிவந்த மீன் அது. சுனாமி ஞாயிற்றுக்கிழமையோடு அண்ணன் போய்விட்டான். உடம்புகூடக் கிடைக்கவில்லை. அவன் ஞாபகமாக மிஞ்சியது இது ஒன்றுதான்.

"தொட்டிக்குள்ள கூரா ஏதோ இருக்குதாம். மீன் கடைக்காரர் சொல்றாருங்க. எல்லாத்தையும் தடவிப் பார்க்கணுமாம்."

"மீனுக்குப் பார்க்கிற வைத்தியத்துல பாதி எனக்குப் பார்த்தா, நான் நூறு வயசு இருப்பேன்." கணவன் தட்சணாமூர்த்தி சிரித்துக்கொண்டே பைக்கை எடுத்து உப்பளத்துக்குக் கிளம்பினான்.

மீனை டப்புக்கு மாற்றினாள். கடைக்காரர் சொல்லிக்கொடுத்தபடி பழைய நைலான் புடவைத் தலைப்பைத் தொட்டிக்குள் விட்டு ஒவ்வொன்றாகத் தடவினாள். நூல் மாட்டும் இடத்தில்தான் துடுப்பும் மாட்டும். கல்லில் வழுக்கியது. பிளாஸ்டிக் செடியில் வழுக்கியது. மோட்டாருக்குப் பின்னால், மூலையில், வெடுக்கென்று மாட்டியது.

இழுத்தாள். கூழாங்கற்களுக்கு அடியிலிருந்து ஒரு கைக்கடிகாரம் எழுந்து வந்தது.

அறுந்த வார். அதில் சுற்றியிருந்த செப்புக் கம்பி அவள் விரலைக் கீறியது.

கம்பியை அவளுக்குத் தெரியும். சுனாமிக்கு முந்தின சாயங்காலம், அவளைத் திண்டிவனம் பஸ் ஏற்றிவிட வந்த அண்ணன் கையில் பார்த்தாள். "ஏன்ணா, ஒரு வார் வாங்க மாட்டியா? யார் கையக் கிழிக்கப் போவுதோ!" என்று கிண்டல்கூட அடித்தாள்.

அதற்குப் பிறகு அண்ணன் இந்த வீட்டுப் பக்கமே வரவில்லை என்றுதானே கணவன் சத்தியம் செய்தான்? விடிந்ததும் நேராக அனுமந்தைக் கடற்கரைக்குப் போனானாம், அலை கொண்டுபோய்விட்டதாம். இப்போது கணவன் நடத்தும் அப்பாவின் உப்பளத்தில் பாதி கேட்டுக்கொண்டிருந்த அண்ணன்!

வாசலில் பைக் சத்தம்.

கடிகாரத்தை உப்பு ஜாடிக்குள் திணித்து மூடினாள்.

"செல்லை வச்சிட்டுப் போயிட்டேன்." தட்சணாமூர்த்தியின் பார்வை அவள் ஈரக் கையில் நின்றது. "என்ன ரத்தம்?"

"கல்லு குத்திடுச்சுங்க."

"டப்புல உப்பு போட்டியா?"

"போட்டாச்சுங்க."

அவன் குனிந்தான். டப்புத் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தான். உப்பளத்துக்காரன் நாக்கு.

"பச்சைத் தண்ணி," என்றான் மெதுவாக. "எதுக்குப் பொய் சொல்ற?"

அவள் வாய் திறப்பதற்குள் ஜாடி மூடியைத் திறந்தான். "நவுரு. நானே போடறேன்."

கை உள்ளே போனது. நின்றது.

பாக்கியலட்சுமி வாசலுக்குப் பாய்ந்தாள். எதிரே வேறொருவர் உப்பளத்தில் பெண்கள் சேற்றுக் கூடை சுமந்துகொண்டிருந்தார்கள்.

"லூர்துமேரி அக்கா! எல்லாரும் ஓடியாங்க! கடல் கொண்டுபோன எங்கண்ணன் வாட்ச் எங்க மீன் தொட்டியில இருந்துச்சுக்கா!"

கூடைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. லூர்துமேரி முதல் ஆளாக வரப்பில் ஓடிவந்தாள்.

பாக்கியலட்சுமி திரும்பிப் பார்த்தாள். அவன் கை இன்னும் ஜாடிக்குள்தான் இருந்தது.