பேவருக்கு அடியில் என்ன போடுவது

செம்பூரில் அந்தப் பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் குடியிருந்ததால், நகுலுக்கும் வந்தனாவுக்கும் சமையலறைக்குப் பின்னால் கொஞ்சம் திறந்த இடம் இருந்தது. வெறும் மண்தரை. சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த பிறகு நகுலுக்குச் சக்கர நாற்காலிதான். அது மண்ணில் நகராது. ஹாலும் படுக்கையறையுமாக அவன் உலகம் சுருங்கிப்போயிருந்தது.

அங்கே பேவர் பிளாக் கற்கள் பதித்துவிடலாமா என்று கேட்டது வந்தனா. நகுல் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். விபத்துக்கு முன்னால் அவன் சைட் இன்ஜினியர். வீட்டுக்கு வந்ததிலிருந்து எதையும் அவன் இப்படிக் காது கொடுத்துக் கேட்டதில்லை.

தாராவியிலிருந்து தௌசீப் என்ற கான்டிராக்டரை வரவழைத்தார்கள். அவன் இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து நகுலுக்கு எதிரில் உட்கார்ந்தான்.

"அடியில என்ன போடணும்னு சொல்லுங்க சார். ஜல்லி போட்டு மேல கல்தூள் விரிக்கலாம். இல்லன்னா பக்கத்து பில்டிங்க இடிக்காவல்லா, அந்த இடிசலப் போட்டு இறுக்கியும் செய்யலாம். மண்ணு எப்படின்னு பாத்துக்கிடணும்."

"மண் கெட்டி. அடியில கல்லாட்டம் முரம்பு. நானே கடப்பாரை போட்டுப் பார்த்திருக்கேன்," என்றான் நகுல். "அப்படி இருக்கறச்சே ஜல்லி எதுக்கு? இடிசலே போறும். பூச்சுக் காரையை ஒதுக்கிட்டுச் செங்கல் துண்டாப் பொறுக்கிப் போடு. நன்னா கம்பாக்ட் பண்ணு."

அவன் அறிந்த தரைக்கு அது சரிதான். ஆனால் அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கழிவுநீர்க் குழாய் மாற்றுவதற்காகக் குடியிருப்பு சொசைட்டியில் அந்த இடத்தை நீளவாக்கில் தோண்டினார்கள். கறுப்புச் சேற்றையும் குப்பையையும் அப்படியே தள்ளி மூடிவிட்டுப் போனார்கள். இப்போது மேலே புல் மண்டிவிட்டது. பார்த்தால் தெரியாது. வந்தனாவுக்குத் தெரியும்.

"அக்கா, நீங்க என்ன சொல்லுதிய?" என்று தௌசீப் கேட்டான்.

நகுல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். ஆட்களை வேலை வாங்குகிற பழைய குரல் அவனுக்குத் திரும்பியிருந்தது. அவள் வாய் திறந்தால் அது போய்விடும் என்று தோன்றியது.

"அவர் சொல்றபடியே பண்ணிடுங்கோ," என்றாள்.

மழைக்கு முன்பே வேலை முடிந்தது. நகுல் சாயங்காலங்களில் தானே நாற்காலியை உருட்டிக்கொண்டு வெளியே போனான். பழைய சிநேகிதர்களுக்கு போன் செய்து பேசினான். வந்தனா மட்டும் காலையில் பால் வாங்கிவந்த கையோடு பின்பக்கம் போய், கல்லின் விளிம்புகளைக் காலால் அழுத்திப் பார்ப்பாள்.

ஜூலையில் மூன்று நாள் விடாமல் மழை. வந்தனா வாஷியில் தன் ஆபீஸில் இருந்தபோது மாடிவீட்டு அம்மிணி மாமி போனில் கூப்பிட்டாள். "வந்தனா, நகுல் நாற்காலியோட சாஞ்சு விழுந்துட்டான். பதறாதே, தூக்கி உள்ளே படுக்க வெச்சிருக்கோம்."

தண்டவாளத்தில் தண்ணீர். ஹார்பர் லைன் வண்டி பாலத்தின் மேல் வெகுநேரம் நின்றது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெட்டியில் இருந்தவர்கள் பேசியது எதுவும் காதில் விழவில்லை.

நகுலின் நெற்றியில் கட்டு. மணிக்கட்டு வீங்கியிருந்தது. அவள் பக்கத்தில் உட்காரும்வரை காத்திருந்துவிட்டுப் பேசினான்.

"இடிசல் அமுங்கினா அங்கங்கே குழி விழும். இது கல்லு வரிசையா, கோடு கிழிச்ச மாதிரி இறங்கியிருக்கு. அங்கே யாரு தோண்டினா?"

"குழாய் மாத்தினா."

"எப்போ?"

"நீ ஆஸ்பத்திரியில இருந்தப்போ."

"தௌசீப் வந்த அன்னிக்கு உனக்கு இது தெரியும்."

அவள் மெதுவாகச் சொன்னாள். "எத்தனையோ நாளைக்கப்புறம் நீ அப்படிப் பேசினே, நகுல். நிறுத்த மனசு வரலை."

"விழுந்ததைப் பத்தி நான் கேக்கலை. நான் எது சொன்னாலும் எல்லாரும் தலையை ஆட்டறா. டாக்டர் ஆட்டறார். பார்க்க வரவா எல்லாரும் ஆட்டறா. நீ ஒருத்திதான் என்கூட சண்டை போடுவேன்னு நினைச்சிண்டிருந்தேன்."

மழை சற்று விட்டதும் தௌசீப் ஆட்களோடு வந்து கற்களைப் பெயர்த்தான். நகுல் சமையலறை வாசலில் இருந்தபடி பார்த்தான். தோண்டிய இடத்தில் சேறு நாறியது.

"வந்தனா, எவ்வளவு ஆழம் தோண்டினா?"

"இடுப்பளவு இருக்கும்."

"நிஜமாவா?"

"நிஜம்."

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டுத் தௌசீப்பிடம் திரும்பினான். "எதுக்கும் நீ கம்பியை இறக்கிப் பாரு."

கம்பி இடுப்பளவுதான் இறங்கியது.

சேற்றை முழுக்க வாரியெடுத்தார்கள். அடியில் பெரிய ஜல்லி, அதன்மேல் சின்ன ஜல்லி என்று அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கி, கல்தூள் விரித்து, சுவரைவிட்டு வெளியே தண்ணீர் ஓடும்படி சரிவு கொடுத்தார்கள். ஆகஸ்ட் மழையில் ஒரு கல்கூட அசையவில்லை. நகுல் மறுபடி வெளியே போக ஆரம்பித்தான்.

ஆனால் வீட்டுக்குள் வந்தனா எதற்கு "சரி" என்றாலும் அவன் பேச்சை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அதைப் பழகிக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. அவன் சொல்வது சரி என்று தெரிந்த நாட்களிலும், முதலில் கொஞ்சம் மறுத்துப் பேசிவிட்டுத்தான் ஒத்துக்கொள்ள ஆரம்பித்தாள். உடனே தலையாட்டினால் அவன் நம்பமாட்டான்.